மூடுபனி மலையைப் பற்றி யாயான் சொன்னது

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை, காங். ஒரே ஒரு..."

"ஒரு வார்த்தைதானே, நீயே சொல்லிக்க..."

"நான் சொன்னா எவன் நம்புவான்? நீ சொன்னாத்தான..."

"அதனாலதாண்டா சொல்ல மாட்டேங்கறேன்!"

தம்பிகள் இருவரும் 'தேத்தே' என்று கூப்பிடும் அக்கா எனுங், கஞ்சிக் கிண்ணத்தோடு அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பெரிய தம்பி யாயான் மூன்று தலையணையைப் பின்னால் அடுக்கிக் கட்டிலில் சாய்ந்திருந்தான். மடியில் வீடியோ விளையாட்டுக் கன்ட்ரோலர் கிடந்தது. சின்னத் தம்பி சேச்செப் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தான். 'காங்' என்று கூப்பிடும் அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வந்தவன், ஹெல்மெட்டைக் கீழே வைக்கக்கூட மறந்து கத்திக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்கடா. சந்து முழுக்கக் கேக்குது" என்றாள் எனுங். "சேப், நேரமாச்சு. போகலேன்னா மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. போன வாட்டியும் இவன் போகல."

"போன வாட்டி ஏன் போகல?" சேச்செப் அண்ணனைப் பார்த்தான்.

யாயான் கன்ட்ரோலரைத் திருப்பி வைத்தான்.

"உடம்பு முடியல, படுத்துக்கறேன்னு என்கிட்ட சொன்னான்" என்றாள் எனுங். அப்படிச் சொல்லும்போதே அவளுக்கு ஏதோ தட்டியது. கடையில் காப்பிப் பொட்டலம் விற்றுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த அந்தப் பகல் முழுக்க உள்ளே பட்டன் தட்டும் சத்தம் கேட்டது. தூக்கம் வராமல் ஏதோ பண்ணுகிறான் என்று விட்டுவிட்டாள். "யாயான். நீ படுக்கலையா அன்னிக்கு?"

"முடிக்காம எப்படி தேத்தே கருத்து சொல்றது? பாதி ஆடிட்டு வாய் திறக்கற ஆளா நான்?"

"ரத்தம் சுத்தம் பண்ணாம உக்காந்து இவன் கேமை ஆடினியா!"

"நான் கேக்கல" என்றான் சேச்செப் சட்டென்று. "ஆஸ்பத்திரிக்குப் போகாம ஆடுன்னு நான் சொல்லவே இல்ல, தேத்தே."

"நாளைக்கு வெளியாகுது, நாளைக்கு வெளியாகுதுன்னு தினம் போன் போட்டது யாரு?"

"அதுக்காக..."

"விடு தேத்தே" என்றான் யாயான். மூச்சு வாங்கியது. கால் இரண்டும் வீங்கி, விரல்கள் ஒட்டிக்கொண்டாற்போல இருந்தன. "இன்னிக்குக் காலையில முடிச்சுட்டேன். கடைசிப் புலி வரைக்கும். போதுமா?"

சேச்செப்பின் விளையாட்டுக்கு 'மூடுபனி மலை' என்று பெயர். வாளும் மந்திரமும் கொண்ட ஒரு பெண், மலைக்காட்டில் பேய்களையும் ராட்சசர்களையும் வெட்டிக்கொண்டு மேலே மேலே ஏறுவாள். உச்சியில் ஒரு வெள்ளைப் புலி. டயர் கடை மாடியில் வாடகைக்கு இடம் பிடித்து, கூட நாலைந்து பையன்களை வைத்துக்கொண்டு, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு அவன் செய்தது. இந்த மாதிரி விளையாட்டுகளை நேரலையில் ஆடிக்காட்டி, நல்லது கெட்டதைச் சொல்வதுதான் யாயானின் பிழைப்பு. பாண்டுங் நகரத்தில் பாதி இளவட்டங்கள் யாயான் என்ன சொல்கிறான் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கும். ஒரு கம்பெனிக்காரன் டிராகன் படம் போட்ட தடித்த ஜாக்கெட் ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினான். யாயான் அதை எனுங்கிடம் கொடுத்து, சோற்றுப் பானையை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அன்றைக்கே அந்த விளையாட்டைக் கிழி கிழியென்று கிழித்தான்.

"சரி, சொல்லு. எங்க தப்பு?" என்றான் சேச்செப். "எங்க தப்புன்னு சொல்லு பாப்போம்."

"சொன்னா கேப்பியா, நடுவுல பாய்வியா?"

"சொல்லு."

"புலி பாயறதுக்கு முன்னாடி தோள் இறங்கணும்டா. அதைப் பாத்துட்டு நான் உருளணும். அப்பத்தான் அது சண்டை. உன் புலி நின்ன இடத்துலேருந்து நின்ன மாதிரியே அடிக்குது. அது வழிப்பறி. நான் செத்தா, என் தப்பாலதான் செத்தேன்னு எனக்கே தெரியணும். உன் கேமுல செத்தா எதுக்குச் செத்தேன்னே தெரியல."

"கஷ்டமா இருக்கணும்னுதான்..."

"கஷ்டம் வேற, அநியாயம் வேற. இன்னொண்ணு. வாளு. பட்டா பட்ட மாதிரி இருக்கணும். கையில ஒரு அதிர்வு, எதிரி ஒரு அடி தள்ளாடணும். உன் வாளு தண்ணிக்குள்ள விசிறுன மாதிரி போகுது. மேல நம்பர் மட்டும் பறக்குது, ஐநூறு, ஆயிரம்னு. நம்பரை வெச்சு நான் என்ன பண்ண? அப்புறம், மலையில பாதி தூரம் மூலிகை பறி, மூலிகை பறின்னு அலைய விடற. ஏன்? மலை சின்னதுன்னு சொல்லிடுவாங்கன்னு பயம். சின்னதா இருந்தா என்னடா? சின்னதாவே வெச்சிருக்கலாம்ல?"

சேச்செப்பின் முகம் சிவந்துவிட்டது. எனுங்குக்கு இதில் பாதி புரியவில்லை. ஆனால் சின்னவன் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறப்பது தெரிந்தது. அவனுக்கு எல்லாம் புரிந்தது.

"நம்ம அம்மா?" என்றான் சேச்செப் கடைசியில், குரலை இறக்கி. "மலையில பாதி வழியில குடிசை வெச்சேனே. அம்மா அடுப்பை ஊதிக்கிட்டு. அது கூடவா உனக்கு..."

"அம்மா இருக்காங்க" என்றான் யாயான். "ஊதறப்ப தலையைச் சாய்க்கறது கூட அப்படியே. ரொம்ப நேரம் அங்கயே உக்காந்திருந்தேன். ஆனா சேப், அதுக்காகப் புலி நியாயமா அடிச்சிடுமா? அம்மாவைக் காட்டி எங்கிட்ட மார்க் வாங்கப் பாக்காத."

ஹெல்மெட் தரையில் விழுந்து உருண்டது. சேச்செப் கட்டிலருகே மண்டியிட்டு, அண்ணனின் வீங்கிய கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"காங். கால்ல விழறேன். அந்தப் பசங்க என்னை நம்பி உக்காந்திருக்காங்க. நீ பொய் சொல்ல வேணாம். பேசாம இரு. 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொல்லிட்டுப் பேசாம இரு."

"அது பொய் இல்லையா?"

"உன் சொந்தத் தம்பி காங் நான்!"

"தம்பின்னுதான் முழுசா ஆடினேன்!"

அப்போதுதான் எனுங்கின் கண் மேசைமேல் இருந்த திரைக்குப் போனது. படம் இல்லை, கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒன்றைப் படித்தாள்.

*எனுங் தேத்தே, கஞ்சி ஆறிடப்போகுது.*

கிண்ணம் அவள் கையில்தான் இருந்தது. தான் கஞ்சியோடு வருவது இதை எழுதுகிற நேயர்களுக்கு எப்படித் தெரியும்? பிறகு நினைவு வந்தது. தினமும் இந்த நேரத்துக்குக் கஞ்சி வரும், யாயான் அதைப் பற்றியும் கிண்டல் பண்ணுவான், உப்பில்லாத கஞ்சிக்குப் பத்துக்கு இரண்டு மார்க் என்று.

"யாயான். இது... ஓடிட்டு இருக்கா?"

யாயான் திரும்பினான். விடிகாலை ஆட்டத்தை முடித்து, எல்லோருக்கும் கும்பிடு போட்டுப் படத்தை அணைத்தவன், மைக்கை அணைக்க மறந்திருந்தான். திரையில் எழுத்துகள் நின்றுவிட்டன. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விரலை எடுத்துக்கொண்டதுபோல.

சேச்செப் அண்ணன் காலிலிருந்து கையை எடுத்தான். எழுந்தான். ஹெல்மெட்டைத் தேடி எடுத்துத் தூசியைத் தட்டினான்.

"நல்லது" என்றான். "எல்லாரும் கேட்டாச்சு."

"வேணும்னு பண்ணலடா. சேப்! மறந்துட்டேன்டா..."

வெளியே மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போய்விட்டது. யாயான் மைக்கைப் பக்கத்தில் இழுத்தான். எனுங் அணைக்கத்தான் போகிறான் என்று நினைத்தாள்.

"கேட்டது கேட்டதுதான்" என்றான் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம். "வாங்காதீங்கன்னு நான் சொல்லல. ஆனா சொன்னதுல மாத்தறதுக்கும் ஒண்ணுமில்ல." அதன்பிறகுதான் அணைத்தான்.

---

பக்கத்து வீட்டுக்காரரின் காரைச் சொல்லிவிட்டு அவள் திரும்பியபோது யாயான் ஐஸ் கேட்டான். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் தாகத்துக்கு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்வது வழக்கம். ஒன்றைப் போட்டாள். பல்லில் உருட்டினான்.

"போயிட்டானா?"

"போயிட்டான். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"இதை நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, அடுத்ததுக்கு எங்கிட்ட எதுக்குத் தேத்தே வந்து கேக்கப்போறான்?"

"இனி எங்க வந்து கேப்பான்? நீ மானத்தை வாங்கியிருக்கற வாங்குல."

"வருவான். கோவம் வந்தா அவன் நல்லா வேலை பாப்பான். சின்ன வயசுலேருந்தே." கண்ணை மூடினான். "தோளை இறக்கிடுவான் பாரு, அந்தப் புலிக்கு."

"சட்டையை மாத்து முதல்ல. கார் வந்துடும்."

அலமாரியில் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையைத் தேடினாள். ஊசி குத்துவதற்குச் சட்டையிலிருந்து கையை வெளியே எடுக்க வேண்டும், தலைவழியாக மாட்டும் சட்டை ஆகாது. மூன்றாவது அடுக்கில் இருந்தது. ஒரு பொத்தான் தொங்கியது. "இதுக்கு ஊசி நூல் எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

ஐஸ் துண்டு முழுதாகக் கரையாமல் அவன் தாடையோரம் நின்றிருந்தது.

எனுங் கட்டிலில் உட்கார்ந்து அவன் இடதுகையை எடுத்து மடியில் வைத்தாள். மெஷினில் மாட்டுவதற்காக டாக்டர்கள் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் அது. கயிறுபோலப் புடைத்து, உள்ளங்கையை வைத்தால் ஈ மாட்டிக்கொண்டதுபோல எந்நேரமும் விர்ரென்று இரைந்துகொண்டிருக்கும். காலையில் எழுந்ததும் அவள் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். இப்போதும் உள்ளங்கையை வைத்தாள். எடுத்துவிட்டு, கொஞ்சம் மேலே வைத்தாள். இன்னும் கொஞ்சம் மேலே.

சந்தில் கார் வந்து ஹாரன் அடித்தது.

---

நண்பகல் லுஹர் தொழுகைக்குள் சந்துமுனையில் சாவு வீட்டுக்கு அடையாளமான மஞ்சள் கொடி கட்டியாகிவிட்டது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயர் சொன்ன கொஞ்ச நேரத்திலேயே பச்சை ஜாக்கெட் போட்ட வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். யாயானின் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு சவாரிக்குக் காத்திருக்கிறவர்கள். கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். வாசலில் வைத்திருந்த பாத்திரத்தில் வழக்கப்படி ஆளுக்கொரு பிடி அரிசி போட்டுவிட்டு, செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

சேச்செப்பும் வந்தான். யாரும் போன் போடவில்லை; ஒலிபெருக்கியில்தான் கேட்டிருக்க வேண்டும். யாரையும் பார்க்காமல் நேராகப் பின்கட்டுக்குப் போனான். துணி கட்டி மறைத்த இடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். எனுங் அடுக்களையில் நின்றாள். துணிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தமும் பள்ளிவாசல் பெரியவர் ஹாஜி ஓமானின் குரலும் கேட்டன.

"வலப்பக்கம் முதல்ல. மெதுவா ஊத்து. காதுல போகாம கையை வை."

"சரி, ஹாஜி."

"விரலை நீட்டி விடு."

"கட்டைவிரல் நீள மாட்டேங்குது."

"பலமா பண்ணாத. அப்படியே இருக்கட்டும்."

"ஆடி ஆடி மடங்கிப்போச்சு" என்றது சேச்செப்பின் குரல். மறுபடி தண்ணீர் ஊற்றும் சத்தம்.

கஃபன் துணி உடுத்திய பிறகு ஹாஜி ஓமான் அடுக்களை வாசலுக்கு வந்தார். "எனுங், தொழுகைக்கு முன்னாடி குடும்பத்துலேருந்து ஒருத்தர் பேசணும். யாரு, தம்பிதானே?"

"தம்பிதான், ஹாஜி" என்றாள் எனுங்.

"நான் பேச மாட்டேன்" என்றான் அவர் பின்னாலிருந்து சேச்செப். சட்டையும் கால்சராயும் நனைந்திருந்தன.

ஹாஜி ஓமான் இருவரையும் பார்த்தார். "பேசி முடிவு பண்ணுங்க. நான் முன்னால போறேன்" என்று நகர்ந்துவிட்டார்.

எல்லா மய்யித்துக்கும் நடப்பதுதான். குடும்பத்து ஆண் ஒருவன், உடலை வைத்துத் தூக்கும் சந்தூக்கின் பக்கத்தில் நின்று, இறந்தவர் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் மன்னிக்கச் சொல்லிக் கேட்பான். பிறகு, இவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பான். பள்ளிவாசலே ஒரே குரலில் நல்லவர் என்று சொல்லும். மூன்று தடவை. அந்தச் சாட்சியோடுதான் தூக்குவார்கள். யாராக இருந்தாலும் அதுதான் பதில். போன வருஷம் மனைவியை உதைத்தே காலம் தள்ளிய இறைச்சிக்கடைக்காரனுக்கும் அதையேதான் சொன்னார்கள்.

"கூடப் பிறந்தவன் நீ நிக்கறப்ப வேற ஆள் பேசினா சந்து என்னடா பேசும்?"

"சந்துக்கு இனிமே என்ன தெரியணும்? மண்டி போட்டது வரைக்கும் கேட்டாச்சு."

"செத்துக் கிடக்கறான்டா."

"தெரியும். நான்தான் குளிப்பாட்டினேன்."

இருவருக்கும் நடுவே தலையை நீட்டி ஒரு பச்சை ஜாக்கெட்காரன், "டீ இருக்கா அம்மா, வெளியில பெரியவங்க கேக்கறாங்க" என்றான். சேச்செப் திரும்பி, கெட்டிலிலிருந்து சர்க்கரையில்லாத தேநீரை டம்ளர்களில் ஊற்ற ஆரம்பித்தான். பையன் காத்திருந்தபடியே எனுங்கிடம் பேசினான். அழுதிருந்தான்.

"நான் காலையில கேட்டுட்டு இருந்தேம்மா. சவாரி கூட எடுக்கல. அந்தத் தம்பிக்காரனுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு? உடம்பு முடியாத மனுஷனைக் கெஞ்சிக் கெஞ்சியே கொன்னுட்டான். எங்க குரூப்புல எல்லாரும் அதான் பேசிக்கறோம். ஒருத்தனும் வாங்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம்."

எனுங் வாயைத் திறந்தாள். சேச்செப் அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். தட்டைத் தூக்கிப் பையன் கையில் கொடுத்தான்.

"சூடா இருக்கு. பாத்துப் போ."

"நன்றி, காங்" என்றான் பையன், போய்விட்டான்.

அடுக்களையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அண்டை வீட்டுப் பெண்கள் தலையை நிமிர்த்தவேயில்லை. சேச்செப்பின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை.

"சேப்" என்றாள் எனுங். குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு என்ன பெரிய கஷ்டம்? ஒரு வார்த்தைதானேடா. நல்லவர்னு ஒரு..."

பாதியில் நின்றாள்.

சேச்செப் அவளைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. "நானும் அதைத்தானே தேத்தே கேட்டேன்" என்றான்.

"அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"அது விளையாட்டுடா!"

"அவருக்கு அது விளையாட்டு இல்ல. எனக்கும் இல்ல." ஈரச் சட்டையைப் பிழிந்தான். "நான் எழுந்து நின்னு நல்லவர், நல்லவர்னு மூணு தடவை சொல்ல வெச்சா, இன்னிக்கு வரைக்கும் அவரைக் கேட்டவங்களுக்கு என்ன தோணும்? இதோ ஒரு பொய்யன்னு தோணும். சொல்லாமப் போனா, இதோ ஒரு பாவின்னு தோணும்."

"நீ என்ன நினைக்கற? அதைச் சொல்லு. ஊரு கிடக்கட்டும். நல்லவனா இல்லையா அவன்?"

வாசலில் சந்தூக்கைத் தூக்கும் சத்தம் கேட்டது. "தம்பி எங்க? முன்னால வந்து தோள் குடுக்கச் சொல்லுங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள். சேச்செப் போனான்.

"சேப்!" என்றாள் எனுங். "பேசுவியாடா?"

அவன் முன்பக்கக் கம்புக்குக் கீழே தோளைக் கொடுத்துவிட்டான். கூட்டம் சந்தை அடைத்துக்கொண்டு நகர்ந்தது. பச்சையும் வெள்ளையுமாக, கடைசி ஆள் திரும்பும் வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெண்கள் வீட்டிலேயே இருந்தார்கள். பள்ளிவாசல் மூன்று வீடு தள்ளித்தான், ஒலிபெருக்கியில் இருமினால்கூடக் கேட்கும். ஹாஜி ஓமான் துஆ ஓதினார். எனுங் அடுக்களைத் திட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டம்மா ஒரு முக்காலியை அவள் பின்னால் நகர்த்தினாள். எனுங் உட்காரவில்லை.

"இப்போது குடும்பத்தின் சார்பில்" என்றார் ஹாஜி ஓமான். பிறகு நிறுத்தினார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. யாரோ நடக்கும் சத்தம். யாரோ மைக்கைக் கைமாற்றும் சத்தம், விரல் உரசுவது. இந்த அமைதி நீண்டால் ஹாஜியே பேசிவிடுவார். அப்புறம் காலத்துக்கும் அப்படித்தான், தம்பி இருந்தும் அண்ணனுக்காக நிற்கவில்லை என்று.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது சேச்செப்பின் குரல்.

பெண்கள் பூண்டை வைத்துவிட்டார்கள்.

"நான் யாயானோட தம்பி. காலையில நீங்க நிறையப் பேர் என் குரலைக் கேட்டிருப்பீங்க." மைக்கை இன்னும் பக்கத்தில் இழுக்கும் சத்தம். "எங்க அண்ணன் யாருக்காவது தீங்கு செஞ்சிருந்தா, யார் மனசையாவது நோகடிச்சிருந்தா, மன்னிச்சிடுங்க. என்னையும் நோகடிச்சாரு. நான் இன்னும் அதை யோசிச்சு முடிக்கல. முடிக்காம எதுவும் சொல்ல எனக்கு இஷ்டமில்ல."

"யா அல்லாஹ்" என்றாள் பக்கத்து வீட்டம்மா, வாய்க்குள்.

எனுங் கையைத் தூக்கி அவளைப் பேசாதிருக்கச் சொன்னாள். அடுப்பில் வெந்நீர்ப் பானையின் மூடி ஆவியில் மெல்லத் துள்ளிக்கொண்டிருந்தது. யாரும் போய் அதை நகர்த்தவில்லை.

"அடுத்து நான் ஒண்ணு கேக்கணும்" என்றது குரல். "கேட்ட உடனே எல்லாரும் சேந்து சொல்றது உங்களுக்குப் பழக்கம். இன்னிக்கு அப்படி வேணாம். அவர் கேட்டா அந்த மாதிரிப் பதிலுக்கு மார்க்கே போட மாட்டாரு. அவசரமில்ல. அவரவருக்குத் தெரிஞ்சதை வெச்சுக்கிட்டு, ஒவ்வொருத்தராச் சொல்லுங்க. எங்க அண்ணன் எப்படிப்பட்ட ஆளு?"